வாங்கிக்கொண்டேன் என்று சொல்லிவிட்டுத் தூக்கிப் போடாதீர்கள்

பெரிய மின்னஞ்சல் சேவைகளில் ஸ்பேம் வடிகட்டியைப் பார்த்துக்கொள்ளும் நண்பர்களுக்கு,

வணக்கம். நான் ஜெர்மனியில் ஒரு சின்ன அச்சு அருங்காட்சியகத்தில் சம்பளமில்லாமல் வேலை செய்கிறவன். சனிக்கிழமைகளில் போவேன். கலைந்து கிடக்கும் ஈய எழுத்துகளைத் துடைத்து அதனதன் அறையில் போடுவது, பள்ளிப் பிள்ளைகள் வந்தால் அவர்கள் பெயரைக் கோர்த்து அச்சடித்துக் கொடுப்பது, இவ்வளவுதான் என் வேலை. ஆனால் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று ஒருமுறை பேர் வாங்கிவிட்டால் தப்பிக்க முடியாதே, மெயில் சர்வரும் என் தலையில்தான் விழுந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். போன வசந்தத்தில் ஓர் அம்மா எங்களுக்கு எழுதியிருந்தார். கணவர் கம்போசிட்டராக, அதாவது அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவராக இருந்தவர், காலமாகிவிட்டார், வீட்டு நிலவறையில் பதினெட்டு கேஸ் (அறை அறையாகப் பிரித்த தட்டு) நிறைய ஈய எழுத்து இருக்கிறது, மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும், வந்து எடுத்துக்கொள்கிறீர்களா என்று. அன்றைக்கே பதில் போட்டோம். பதில் வராததால் மூன்று வாரம் கழித்துப் போன் செய்தால், "உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லையே, வேண்டாம் போலிருக்கிறது என்று பழைய உலோகம் வாங்குகிறவரிடம் எடைக்குப் போட்டுவிட்டேன்" என்கிறார். ஈயம், ஆன்டிமனி, வெள்ளீயம் கலந்த உலோகம் அது, எடைக்குப் போனால் உருக்கிவிடுவார்கள், அவ்வளவுதான். அவருடைய பேத்தி போனை வைக்காமலே தேடிப் பார்த்தாள். இன்பாக்ஸிலும் இல்லை, ஸ்பேம் பெட்டியிலும் இல்லை.

எங்கள் சர்வர் பதிவைத் திறந்து பார்த்தேன். அவர்களுக்கு மெயில் தரும் சர்வர் எங்களுக்கு 250 சொல்லியிருக்கிறது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, 250 என்றால் வாங்கிக்கொண்டேன், இனி என் பொறுப்பு. வாங்கியவர் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், முடியாவிட்டால் அனுப்பியவரிடம் சொல்ல வேண்டும். 1982இல் எழுதிய மின்னஞ்சல் நெறிமுறையிலேயே இது இருக்கிறது. 2008 திருத்தத்தில் சத்தமில்லாமல் தூக்கிப் போட ஒரு சலுகை கொடுத்தார்கள்தான், ஆனால் பெரிய மோசடி, அல்லது வேறு விதத்தில் தகாதது என்று மிக உறுதியாகத் தெரிந்தால் மட்டும். ஒரு கிழவிக்கு "செவ்வாய்க்கிழமை வேனோடு வருகிறோம்" என்று எழுதியதில் என்ன மோசடியைக் கண்டீர்கள்? மெயில் உண்மையிலேயே எங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் எங்கள் பக்கம் சரியாகவே இருக்கின்றன.

எங்களோடு வேலை செய்யும் ஓய்வுபெற்ற கம்போசிட்டர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "இது லைஷ்" என்றார். இங்கே அச்சகப் பேச்சில், கோர்க்கும்போது விட்டுப்போன சொல்லுக்கு லைஷ் என்று பேர், அதாவது பிணம். ஒரே சொல் இரண்டு தடவை விழுந்தால் கல்யாணம். கல்யாணம் கண்ணில் பட்டுவிடும். பிணத்தை மூலத்தோடு ஒப்பிட்டுப் படித்தால்தான் பிடிக்கலாம், அதற்குத்தான் புரூஃப். எனக்கு நீங்கள் புரூஃப் கொடுக்கவே இல்லை.

உங்கள் கஷ்டம் தெரியாமல் பேசவில்லை. அச்சு அருங்காட்சியகத்துக்கே தினமும் மலிவு விலை டோனர் விற்க வருகிறார்கள். நானே வைத்த வடிகட்டி ஒருமுறை, இருபத்தெட்டுப் பிள்ளைகளோடு வருகிறோம் என்று ஒரு டீச்சர் எழுதியதை ஸ்பேமில் போட்டுவிட்டது. ஆனால் அது பெட்டியில் கிடந்தது. பார்த்தேன், மன்னிப்புக் கேட்டேன், பிள்ளைகள் வந்தார்கள்.

இந்த நாட்டுச் சட்டமும் இதை லேசாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு பல்கலைக்கழகம் தன் முன்னாள் ஊழியரின் மின்னஞ்சல்களைச் சொல்லாமல் தடுத்து வைத்ததைக் குற்றமாகக் கருத இடமுண்டு என்று கார்ல்ஸ்ரூஹே உயர் நீதிமன்றம் 2005 ஜனவரியில் சொன்னது. அதற்காகக் கோர்ட்டுக்கு வரச் சொல்லவில்லை, எங்களுக்கு அதற்கு நேரமும் இல்லை, காசும் இல்லை.

தரங்கம்பாடி நினைவுக்கு வருகிறது. 1711இல் லண்டனிலிருந்து அங்கே அனுப்பிய அச்சுப்பொறி, பிரேசில் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்த கப்பலில் மாட்டிக்கொண்டது, கூட வந்த அச்சர் வழியிலேயே செத்துப்போனார். அப்படியும் 1712இல் பொறி கரை சேர்ந்தது. அடுத்த வருஷம் இங்கே ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகளும் போய்ச் சேர்ந்தன. எங்கள் மெயில் போக வேண்டியது நாற்பது கிலோமீட்டர்.

சரி, என்ன கேட்கிறேன்? பிடிக்காவிட்டால் வாசலிலேயே 550, அதாவது வாங்க மாட்டேன் என்று சொல்லித் திருப்பி அனுப்புங்கள், எங்களுக்குத் தெரிந்துவிடும், போன் செய்வோம். சந்தேகமாக இருந்தால் ஸ்பேம் பெட்டியிலாவது போடுங்கள். அப்புறம், மெயில் கோளாறுகளைச் சொல்ல போஸ்ட்மாஸ்டர் என்று ஒரு முகவரி வைத்திருக்கிறீர்களே, அதை ஒரு மனிதர் படிக்கட்டும். நான் நான்கு தடவை எழுதினேன், நான்கு தடவையும் இயந்திரம்தான் நன்றி சொன்னது.

எங்கள் போஸ்ட்மாஸ்டர் முகவரிக்கு எழுதினால் நான்தான் படிப்பேன். சனிக்கிழமை பத்து மணிக்கு மேல். கையில் மை இருந்தால் பதில் கொஞ்சம் தாமதமாகும்.