ஏரிச்சாலையில் கோபப்படுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொடைக்கானலுக்கு வந்த இடத்தில் குதிரை அடிபடுவதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியாதவர்களுக்கு வணக்கம்.

சீசன் நாட்களில் ஏரிச்சாலையில் இந்தச் சண்டையை அடிக்கடி பார்க்கலாம். ஒரு கார் நிற்கும். இறங்கியவர் செல்போனை நீட்டிக்கொண்டு, “ஏன்யா வாயில்லா ஜீவனைப் போட்டு அடிக்கிறே?” என்பார். “என் குதிரை, உனக்கென்ன வந்துச்சு?” என்பார் குதிரைக்காரர். கூட்டம் கூடும், இரண்டு பக்கமும் குரல் ஏறும், பத்து நிமிடத்தில் கார் கோக்கர்ஸ் வாக் பக்கம் போய்விடும். அந்தப் பத்து நிமிடமும் குதிரை இறுக்கிய வயிற்றுவாரோடு, வலிக்கிற காலை ஊன்றிக்கொண்டு அங்கேயே நிற்கிறது. கைநழுவிப் போன சவாரியின் நஷ்டத்தையும் பிறகு அதன் முதுகில்தான் ஏற்றுவார்கள்.

கோபப்பட வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கோபம் நியாயம்தான். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் குதிரைக்கு ஏதாவது ஆக வேண்டும். அதற்கு முதலில் குதிரையைப் பார்க்கத் தெரிய வேண்டும். சாட்டை எல்லார் கண்ணிலும் படுகிறது. குதிரை ஏன் நகர மறுத்தது என்பது சேணத்துக்கு அடியிலும் குளம்பிலும் இருக்கிறது.

கொடுமை அல்லாததை முதலில் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் பாதிச் சண்டை இதில்தான் வீணாகிறது. பின்னங்கால் ஒன்றை நுனியில் ஊன்றி, இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து, உதடு தொங்க நிற்கும் குதிரை நொண்டவில்லை, ஓய்வெடுக்கிறது. நின்றபடியே தூங்கக்கூடிய பிராணி அது. முதுகில் திட்டுத் திட்டாக வெள்ளை முடி இருந்தால், அது எப்போதோ சேணம் உரசி ஆறிய புண்ணின் அடையாளம். இன்றைய காயம் அல்ல. விலா எலும்பு லேசாகத் தெரிவதும் பட்டினி ஆகாது. முதுகெலும்பு வரப்பு மாதிரி மேலே நின்று, இடுப்பெலும்பு இரண்டும் முளைத்து, வால் முளைக்கும் இடம் குழிந்திருந்தால்தான் அது பட்டினி. கடிவாளம் போட்ட வாயில் வெள்ளை நுரை சகஜம். நுரை சிவந்திருந்தால் சகஜமில்லை.

இனி நீங்கள் பார்க்க வேண்டியவை. குதிரை நேராகப் பத்து அடி நடக்கும்போது தலையைப் பாருங்கள். முன்னங்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையில் படும் கணத்தில் தலை மேலே எழும். நல்ல கால் படும்போது கீழே போகும். பின்னங்கால் வலி என்றால் அந்தப் பக்கத்து இடுப்பு அதிகமாக ஏறி இறங்கும். தார்ச்சாலையில் காதையும் பயன்படுத்தலாம். நாலு குளம்புச் சத்தமும் ஒரே தாளத்தில் வர வேண்டும். ஒன்று மட்டும் மெலிந்து ஒலித்தால் அந்தக் காலை அது முழுதாக ஊன்றவில்லை. ‘சளக்’ என்று இரும்பு ஆடும் சத்தம் வந்தால் லாடம் தளர்ந்திருக்கிறது. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி மறுபடி அடிக்க வேண்டும். சீசன் கூட்டத்தில் இது தள்ளிப்போகும். குளம்பு முன்னால் நீண்டு செருப்பு மாதிரி வளரும், லாட ஆணித் தலை தேயும், இரும்பு மழமழவென்று ஆகி ஈரத் தாரில் வழுக்கும்.

சேணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மலையில் குதிரையின் பெரும்பாலான துன்பம் அங்கேதான் தொடங்குகிறது. பிடரி முடியும் இடத்தில் தோள்மேடு இருக்கிறது. சேணத்தின் வளைவு அதைத் தொடவே கூடாது. ஆள் ஏறிய பிறகும் நடுவில் இரண்டு விரல் நுழைய இடம் வேண்டும். பொதி விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு விதிகளிலும் இது இருக்கிறது: தோள்மேட்டின் மேல் நேராக அழுந்தும்படி சேணம் பூட்டக் கூடாது. நம் ஊரில் அடியில் போடுவது பழைய போர்வை, கோணிச் சாக்கு, ஸ்பாஞ்ச். கொடைக்கானல் மூடுபனியிலும் தூறலிலும் இவை காய்வதே இல்லை. ஈரத் துணிக்கு அடியில் தோல் ஊறி மெலிகிறது. மேலே ஆள் அசைய அசைய உரசுகிறது. மூன்றாம் நாள் முடி உதிர்கிறது, ஒரு வாரத்தில் புண். அதன் மேலேயே இன்னொரு சாக்கை மடித்துப் போட்டால் அழுத்தம் குறையும் என்று நினைக்கிறார்கள். இறுக்கம் கூடி, அழுத்தம் அதிகமாகத்தான் ஆகிறது. சேணத்தை இறக்கியதும் முதுகைப் பாருங்கள். வியர்வை எங்கும் ஒரே சீராக நனைந்திருந்தால் நல்லது. நனைந்த முதுகின் நடுவே உள்ளங்கை அளவுக்கு ஓரிடம் மட்டும் காய்ந்திருந்தால், புண் நாளை அங்கேதான் வரும். பெரும்பாலும் அந்த இடத்தில் அழுத்தம் அளவுக்கு மீறி இருந்திருக்கிறது.

நல்ல மனதோடு வருகிறவர்களும் தப்புச் செய்வது இந்த இடத்தில்தான். “உடனே சேணத்தைக் கழட்டு” என்று கத்துவார்கள். மணிக்கணக்காக இறுகிய முதுகிலிருந்து சேணத்தைச் சட்டென்று எடுத்தால், அமுங்கிய இடத்துக்கு ரத்தம் பாய்ந்து வீங்கும். முதலில் வயிற்றுவாரை இரண்டு துளை தளர்த்தி, பத்துப் பதினைந்து நிமிடம் நிற்கவிட்டு, பிறகு இறக்க வேண்டும். குதிரைக்காரர்களில் பழையவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அந்த விஷயத்தில் அவர்கள் சொன்னால் கேளுங்கள்.

அடுத்து எடை. இது உங்களைப் பற்றியது. சேணத்தோடு சேர்த்து, குதிரை தன் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது பொதுவாக வைத்துக்கொள்ளும் அளவு. முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி அளந்த சென்டிமீட்டரை அதே எண்ணால் பெருக்கி, தோள் முனையிலிருந்து பின்தொடை முனை வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் எடை கிலோவில் ஏறத்தாழ வரும். மார்புச் சுற்று 145, நீளம் 130 உள்ள மட்டக்குதிரை 230 கிலோ. ஐந்தில் ஒன்று 46. சேணம் 8 கிலோ போனால் மிச்சம் 38. அதாவது அது பள்ளிப் பிள்ளைக்கான குதிரை. மேலே சொன்ன 1965 விதிகள் பொதி சுமக்கும் மட்டக்குதிரைக்கு வைத்த உச்சவரம்பே 70 கிலோதான். எழுபத்தைந்து கிலோ ஆள் குழந்தையையும் மடியில் வைத்துக்கொண்டு ஏறி, “கொஞ்சம் ஓடவிடுங்கண்ணே, ரீல்ஸ் எடுக்கணும்” என்கிறார். குதிரை மறுக்கிறது. சாட்டை எழுகிறது. அந்த அடியை ஆர்டர் கொடுத்து வாங்கியது யார்?

சரி, ஒரு குதிரையிடம் கோளாறு தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். பின்பக்கமாகப் போகாதீர்கள். பக்கவாட்டில் பத்துப் பதினைந்து அடி தள்ளி, குதிரையின் கண்ணில் படும்படி நில்லுங்கள். கயிற்றையோ லகானையோ பிடுங்கவே கூடாது. மிரண்ட குதிரை தாரில் வழுக்கி விழும், அல்லது மேலே இருக்கிற குழந்தையோடு ஓடும். சவாரி நடந்துகொண்டிருந்தால் முதல் பேச்சு குழந்தையைப் பற்றியதாக இருக்கட்டும்: “பாப்பாவை இறக்கி விட்டுடுங்கண்ணே.” இதை யாரும் மறுக்க மாட்டார்கள், சவாரியும் அதோடு நின்றுவிடும். பிறகு கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள். “அண்ணே, வலது முன்னங்காலை ஊன்ற மாட்டேங்குது. லாடம் கழண்டிருக்கா, கல் ஏதும் சிக்கியிருக்கா பாருங்க.” ஊர் பார்க்க அவரைக் குற்றவாளி ஆக்கினால் அவர் குதிரையைப் பார்க்க மாட்டார், உங்களைத்தான் பார்ப்பார். காலைப் பார்க்கச் சொன்னால் குனிந்தே ஆக வேண்டும். பல நேரம் கயிறு பிடித்திருப்பவர் உரிமையாளரும் இல்லை. மாலையில் இன்னொருவரிடம் கணக்குக் கொடுக்கிற ஆள். “ஓனர் யாருண்ணே, நம்பர் இருக்கா?” என்று தணிந்த குரலில் கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

அங்கேயே செய்யக்கூடியதை மட்டும் கேளுங்கள். வார் தளர்த்துவது, ஈரத் துணியை மாற்றுவது, தண்ணீர் காட்டுவது, அன்றைக்கு அந்தக் குதிரையை நிறுத்திவைப்பது. தண்ணீருக்கு ஒரு சோதனை உண்டு, குதிரைக்காரரையே செய்யச் சொல்லலாம்: கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் இரண்டு நொடிக்குள் மட்டமாகிவிட வேண்டும். மடிப்பு அப்படியே நின்றால் உடலில் நீர் வற்றியிருக்கிறது. ஈறை விரலால் அழுத்தி எடுத்தாலும் இரண்டு நொடியில் நிறம் திரும்ப வேண்டும். மட்டக்குதிரைக்கு நாளுக்குப் பதினைந்து லிட்டராவது வேண்டும், வேலை நாளில் இருபத்தைந்து முப்பது. குளிரில் குதிரை தானாகக் குறைவாகத்தான் குடிக்கும். காய்ந்த தீவனமும் சேர்ந்தால் குடலில் சாணம் இறுகும். வெதுவெதுப்பான நீர் வைத்தால் கூடுதலாகக் குடிக்கும். ஓடிவந்த சூட்டில் தண்ணீர் காட்டவே கூடாது என்றொரு நம்பிக்கை இங்கே உண்டு. கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டுக் காட்டலாம்.

கண்ணெதிரே அடி விழுகிறது என்றால் இந்த நிதானம் எல்லாம் பிறகு. பக்கவாட்டிலிருந்து, ஒரே முறை, உரக்க: “அடிக்காதீங்க, நிறுத்துங்க.” அதன்பின் வாக்குவாதம் வேண்டாம். தனியாக நிற்காதீர்கள், ஒருவர் குதிரையைப் பார்க்கட்டும், இன்னொருவர் 112ஐ அழைக்கட்டும். குதிரை விழுந்து எழவில்லை, அல்லது காயத்தில் ரத்தம் நிற்கவில்லை என்றால் 1962. அது கால்நடை ஆம்புலன்ஸுக்கான எண். குளம்பில் ஆணி ஏறியிருந்தால் ஆத்திரத்தில் பிடுங்கிப் போடாதீர்கள். எந்த இடத்தில், எவ்வளவு ஆழம் என்று மருத்துவர் பார்க்க வேண்டும். ரணஜன்னி (டெட்டனஸ்) குதிரையைச் சீக்கிரம் பிடிக்கும்.

வீடியோ எடுங்கள், ஆனால் ஆளின் முகத்தைத் துரத்திக்கொண்டு ஓடாதீர்கள். முழுக் குதிரை இரண்டு பக்கமும், காயம் கிட்டத்தில், முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் பத்தடி நடை, கடிவாளம், இடம் தெரியும்படி ஒரு போர்டு: இவை வெட்டில்லாமல் ஒரே ஓட்டத்தில் இருந்தால் மருத்துவருக்கும் போலீசுக்கும் போதும். மூல ஃபைலை அப்படியே வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரம் குறைந்து, எடுத்த நேரமும் இடமும் உள்ள தகவல் போய்விடும். குதிரையின் அடையாளத்தை எழுதிக்கொள்ளுங்கள்: நிறம், நெற்றியில் சுட்டி உண்டா, எந்தக் காலில் வெள்ளை. “பழுப்புக் குதிரை” என்று மட்டும் எழுதினால் ஏரியைச் சுற்றி நிற்பதில் பாதி அதுதான்.

ஸ்டேஷனில் என்ன நடக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவில் அடிப்பது, அதிகச் சுமை ஏற்றுவது, புண்ணோடும் நோயோடும் வேலை வாங்குவது எல்லாம் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். ஒரு சவாரிக்கு அதைவிடக் கூடுதலாகக் கேட்பார்கள். மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்தால்தான் சிறை என்ற பேச்சே வரும், அதுவும் மூன்று மாதம் வரை. இந்தக் குற்றங்களில் பெரும்பாலானவை மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் தானாக விசாரிக்க முடியாத வகை. “இதுக்கெல்லாம் கேஸ் போட முடியாது சார்” என்று சொல்வது அதனால்தான். அங்கே 34ஆம் பிரிவைக் கேளுங்கள். கான்ஸ்டபிளுக்கு மேற்பட்ட எந்தப் போலீஸ் அதிகாரியும் குதிரையைக் கைப்பற்றி, கால்நடை மருத்துவர் அல்லது மாஜிஸ்திரேட் முன் பரிசோதனைக்கு நிறுத்தலாம். குதிரைக்கு வேண்டியதும் அந்தப் பரிசோதனைதான். முள் வைத்த கடிவாளம் தெரிந்தால் 1965 விதிகளையும் சேர்த்து எழுதுங்கள். தோலைக் குத்தும் எந்தச் சாதனத்துக்கும் அவற்றில் தடை இருக்கிறது. குதிரை ஊனமாகிவிட்டது, செத்துவிட்டது என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 325: ஐந்து ஆண்டு வரை சிறை. புகாரின் நகலோடு, புகாரை வாங்கிக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதும் வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். ஊர் திரும்பிய பிறகு உங்கள் கையில் இருக்கப்போவது அது ஒன்றுதான்.

கடைசியாக ஒன்று, சண்டையில்லாத சமாச்சாரம். இரக்கப்பட்டுக் கையில் இருப்பதை ஊட்டாதீர்கள். கடித்து முடித்த சோளக்கதிரின் தண்டு குதிரையின் தொண்டையில் அடைக்கும். பஜ்ஜியோடு உள்ளே போகிற பிளாஸ்டிக் பை வெளியே வராது, ஏனென்றால் குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, தரையைக் காலால் பறித்து, படுத்துப் புரள்கிற குதிரை விளையாடவில்லை. அதற்கு வயிற்றுவலி, சில மணி நேரத்திலேயே உயிர் போகலாம். சீசன் முடிந்து அவிழ்த்துவிட்ட குதிரைகள் குப்பைத்தொட்டியில் வாய் வைப்பதை ஊட்டியிலும் பார்க்கலாம், இங்கேயும் பார்க்கலாம். நீங்கள் விட்டுப்போன பையும் அந்தத் தொட்டியில்தான் கிடக்கிறது. மலை இறங்கி வத்தலகுண்டு போகும் வரை உங்கள் குப்பையைக் காரிலேயே வைத்திருங்கள்.

இப்படிக்கு,
குதிரை வைத்தியமும் லாட வேலையும் தெரிந்த சிலர்,
கொடைக்கானல்.