ஜூலை 8: பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் ஜூலை 8 அன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மதுரை வழக்கறிஞர் வைத்தியநாத ஐயரைப் பற்றி மாணவர்கள் பேசப்போகிறார்கள். 1939இல் அதே தேதியில், தாழ்த்தப்பட்ட சமூகத்தினர் ஐவரையும் நாடார் ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு அவர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றார். கோயிலின் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு அவர்களை வரவேற்றார். எதிர்ப்பு கடுமையாக இருந்தது. ஐயரின் சொந்தச் சமூகத்தாரே அவரைத் தூற்றினார்கள். ஆலயத்துக்குள் நுழைந்தவர்களையும் அனுமதித்த அதிகாரிகளையும் வழக்குகளிலிருந்து காப்பாற்ற ராஜாஜி அரசு அதே ஆண்டில் சட்டம் கொண்டுவந்தது.

அந்த ஒரு நாளை எல்லோரும் கொண்டாடுகிறோம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது அதற்கு முன்னும் பின்னும் அவர் வீட்டில் நடந்தது. ஊரில் பெயர்பெற்ற வக்கீலின் வீடு அது. அங்கே தாழ்த்தப்பட்ட சமூகத்து மாணவர்கள் தங்கினார்கள், சாப்பிட்டார்கள், படித்தார்கள். கோயிலுக்குள் ஒரு நாள் போய்வரத் துணிச்சல் போதும். ஊர் ஏசும்போதும் நாள் தவறாமல் பிறர் பிள்ளைக்கு இலை போட, வீட்டில் உள்ள எல்லோருக்கும் மனம் வேண்டும். அவருடைய மனைவி அகிலாண்டம்மாளுக்கு அந்த மனம் இருந்தது. விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர் அந்த அம்மையார்.

மேலூர் அருகே தும்பைப்பட்டியில் பிறந்த கக்கனை அவர்கள் தங்கள் மகனைப்போல நடத்தினார்கள். 1955இல் ஐயர் காலமானபோது கக்கன் மொட்டையடித்துக்கொண்டு மகனுக்குரிய கடமையைச் செய்தார். பின்னாளில் மாநிலத்தின் உள்துறை அமைச்சராக இருந்தவர் அவர்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. சென்ற வாரம் மதிய உணவு நேரத்தில், ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, பக்கத்தில் இருந்த விடுதிப் பிள்ளை எட்டிப் பார்த்ததும் சட்டென்று டப்பாவை மூடினாள். ஏன் என்று ஆசிரியை கேட்டதற்கு, "கொடுக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்" என்றாள். புளியோதரையும் அப்பளமும்தான் உள்ளே இருந்தன. விடுதிப் பிள்ளை தன் தட்டை எடுத்துக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்தது. அந்த மாணவி மேல் எனக்குக் கோபம் இல்லை. சொன்னதைக் கேட்கும் நல்ல பிள்ளை அவள். சொன்னவர்களிடம்தான் பேச விரும்புகிறேன்.

"என் பிள்ளையை வேறு இடத்தில் உட்கார வையுங்கள்" என்று சிலர் என்னிடம் நேரில் வந்தும் கேட்டிருக்கிறீர்கள். மாற்ற மாட்டேன். கண்பார்வைக் குறைவு, உயரம் ஆகிய காரணங்களுக்காக மட்டுமே வகுப்பில் இடம் மாறும். சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டி அனுப்பவும் வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது.

இனி வேண்டுகோள். ஜூலை 8 அன்று எல்லா வகுப்புகளும் வராந்தாவில் ஒரே வரிசையில் அமர்ந்து சாப்பிடும். முடிந்தவர்கள் ஒரு பிள்ளைக்குக் கூடுதலாகக் கொடுத்தனுப்புங்கள். வீட்டில் வழக்கமாகச் செய்வதே போதும், விருந்துச் சமையல் வேண்டாம். நீங்களும் வந்து உடன் உட்கார்ந்தால் மிக மகிழ்வேன்.

பெற்றோர்களில் வழக்கறிஞர்களும் நீதிமன்ற ஊழியர்களும் இருக்கிறீர்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் கிடைக்காமல் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க முடியாத பிள்ளைகள் ஒவ்வொரு ஆண்டும் நம் பள்ளியில் இருக்கிறார்கள். படிவத்தில் தந்தையின் பெயர் ஒரு விதமாகவும் குடும்ப அட்டையில் வேறு விதமாகவும் இருக்கும். அதற்காகத் தாயார் கூலி வேலையை விட்டுவிட்டுத் தாலுகா அலுவலகத்துக்கு அலைவார். சனிக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கி அந்த மனுக்களைச் சரிபார்த்துக் கொடுக்க முன்வருபவர்கள், அலுவலகத்தில் உள்ள பதிவேட்டில் பெயர் எழுதிச் செல்லுங்கள். நூலக அறையில் மேசையும் மின்விசிறியும் தயாராக இருக்கும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்