பட்டன், பட்டன், பட்டன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெங்களூரு ஸ்டார்ட்அப் கம்பெனிகளைப் பற்றி ஞாயிறன்று நீங்கள் போட்டிருந்த கட்டுரையை என் மனைவி வாசித்துக் காட்டினாள். கிளாக்கோமாவில் எனக்குப் பார்வை போய் 9 வருடம் ஆகிறது. அல்சூரில் வீடு. போனில் டாக்பேக் போட்டு, திரையில் இருப்பதை அது வாசிக்கக் கேட்டுத்தான் கரண்டு பில் முதல் காய்கறி வரை எல்லாம்.

போன மாதம் என் வங்கியின் ஆப் அப்டேட் ஆனது. அதுவரை "பணம் அனுப்பு", "இருப்பு" என்று பெயர் சொல்லிக்கொண்டிருந்த டாக்பேக், இப்போது விரலை எங்கே வைத்தாலும் "பட்டன்", "பட்டன்", "பட்டன்" என்கிறது. எதை அழுத்தினால் யாருக்குப் பணம் போகுமோ! புகார் கொடுத்தால் அடுத்த வெர்ஷனில் பார்க்கிறோம் சார் என்கிறார்கள். பின் நம்பரை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வாராவாரம் மெசேஜ் அனுப்புவதும் இதே வங்கிதான், ஆனால் நான் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு அவன் கையால்தான் பின் போட வேண்டியிருக்கிறது.

அக்கா மகன் ஒயிட்ஃபீல்டில் சாப்ட்வேர் வேலையில் இருக்கிறான். இது அவ்வளவு கஷ்டமாடா என்று கேட்டேன். பட்டனைப் போடும்போதே அதற்குப் பெயர் எழுதினால் ஒரு வரி வேலைதான் மாமா, நூறு திரை ஆன பிறகு ஒவ்வொன்றாகத் தேடிப் போட உட்கார்ந்தால் வாரக்கணக்கில் இழுக்கும், அதற்குள் அடுத்த அப்டேட் வந்து அதையும் கெடுத்துவிடும் என்றான். உங்களில் ஒருத்தராவது கண்ணை மூடிக்கொண்டு சோதித்துப் பார்ப்பீர்களா என்றேன். சிரித்தான்.

பழைய பட்டன் போனில் 5-ன் மேல் தடவினால் தெரிகிற ஒரு புள்ளி இருக்கும், ஏடிஎம்மிலும் இருக்கும். அந்தப் புள்ளி கிடைத்தால் மற்ற எண்களை விரல் கண்டுபிடித்துக்கொள்ளும், இருட்டில் கண் தெரிகிறவர்களும் அதைத்தான் தடவுவார்கள். இப்போது கடைகளில் நீட்டுகிற கார்டு மெஷின் பலதும் வெறும் கண்ணாடி.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 46-ஆவது பிரிவு, அரசோ தனியாரோ, விதிகள் வந்த 2 வருடத்துக்குள் தங்கள் சேவையை எங்களுக்கும் எட்டும்படி செய்ய வேண்டும் என்கிறது. விதிகள் 2017-லேயே வந்துவிட்டன, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவை எட்டுவதும் வாழும் உரிமையில் சேர்ந்ததுதான் என்று சொல்லி, வாடிக்கையாளர் யார் என்று சரிபார்க்கிற கேஒய்சி முறையைச் சரிசெய்ய 20 உத்தரவுகள் போட்டது. அந்த வழக்குக்குப் போனவர்களில் ஆசிட் வீச்சில் முகமும் கண்ணும் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. கேஒய்சிக்குக் கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டு என்று ஒரு ஆப் சொன்னால் அவர்கள் எங்கே போவார்கள்? அந்த ஆப்பை எழுதியவர்களுக்கு யார்மேலும் பகை இருந்திருக்காது. இப்படி ஒருவர் வருவார் என்று முதல் நாள் யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் இ-பேப்பரிலும் ஒரு பக்கம் முழுக்க ஒரே படம்தான். டாக்பேக் "படம்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. மனைவி வாசித்தால் தனக்குப் பிடிக்காத பத்தியைத் தாண்டிவிடுகிறாள். இந்தக் கடிதத்தைப் போடுவதாக இருந்தால் எழுத்தாகவும் போடுங்கள், நானே படித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அல்சூர் வாசகர், பெங்களூரு