செயலாளர் ஆண்டறிக்கை 2023–24

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு உறுப்பினர்களே, செம்பாக்கம் பகுதியின் எல்லாத் தெருக்களிலிருந்தும் வந்திருக்கும் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான பணிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. தெருவிளக்கு, குப்பை வண்டி, குடிநீர் தொடர்பான மனுக்கள் உரிய இடங்களில் கொடுக்கப்பட்டன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நம் பகுதி எப்படி வளர வேண்டும் என்று முடிவெடுக்கும் இடத்தில் நம்மில் யார் யார் இருக்கிறோம் என்ற கேள்விக்கே இந்த ஆண்டு நம் உழைப்பின் பெரும்பகுதி சென்றது. இனி அதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

2021ஆம் ஆண்டு 5 நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது, செம்பாக்கம் நகராட்சியும் அதில் சேர்ந்தது. இப்போது நாம் 70 வார்டுகள் கொண்ட ஒரு மாநகராட்சியின் சிறு பகுதி. இதே காலத்தில் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் 2026 முதல் 2046 வரைக்குமான மூன்றாவது முழுமைத் திட்டத்தைத் தயாரித்து வருகிறது. எந்த நிலம் குடியிருப்பு, எது வணிகம், எது நீர்நிலை என்பதை வகுக்கப்போகும் ஆவணம் அது. நம் பிள்ளைகள் இருபது ஆண்டுகள் அதன்படிதான் வாழப்போகிறார்கள்.

மக்கள் பேசுவதற்கு வழியில்லாமல் இல்லை. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் தந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. வார்டு குழு, வார்டின் ஒவ்வொரு பகுதி வாக்காளர்களும் கூடிப் பேசும் பகுதி சபை ஆகியவற்றுக்கான சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் 2010இல் நிறைவேறியது. ஆனால் அதற்கான விதிகள் 2022இல்தான் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று, பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டதால், நம் மாநகராட்சி மக்களுக்கு அந்தப் பெயர் புதிதல்ல. அப்படியிருந்தும் நம் வார்டில் நடந்த கூட்டங்களின் வருகைப் பதிவேட்டைப் புரட்டியபோது, பெரும்பாலும் முதன்மைச் சாலையை ஒட்டிய நான்கைந்து தெருக்களின் சொந்த வீட்டுக்காரர்கள், அதிலும் பணி ஓய்வு பெற்ற ஆண்கள், கையெழுத்து மட்டுமே இருந்தது. ஏரிக்கரையோரத் தெருக்களிலிருந்தும் வாடகைக் குடியிருப்புகளிலிருந்தும் ஒருவர்கூட இல்லை. வேலைநாளில் முற்பகல் 11 மணிக்குக் கூட்டம் வைத்தால் கூலிக்குச் செல்பவர் எப்படி வருவார்? அந்த நேரத்துக்கு இத்தனை நாள் நாமும் மறுப்புச் சொல்லவில்லை. இதில் நம் பங்கும் உண்டு என்பதை மனவருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

ஆகவே, மக்களைக் கூட்டத்துக்கு அழைப்பதை விட்டு, கூட்டத்தை மக்களிடம் கொண்டுசெல்வது என்று ஆகஸ்ட் மாதம் முடிவெடுத்தோம். நம் பகுதியின் நிலப் பயன்பாட்டு வரைபடத்தைப் பெரிய தாளில் அச்சிட்டு, தெருப் பெயர், கோயில், நியாயவிலைக் கடை, பேருந்து நிறுத்தம் ஆகியவற்றைத் தமிழில் கையால் எழுதி, ஞாயிறு மாலைகளில் தெருத் தெருவாகச் சென்றோம். படத்தில் தங்கள் வீட்டைக் கண்டுபிடித்தவுடனேயே மக்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

ஒரு சந்திப்பை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். நியாயவிலைக் கடைத் திண்ணையில் படத்தை விரித்திருந்தோம். வீட்டுவேலை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த வயதான அம்மா ஒருவர் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். இளம் வயதில் ஏரிப் பாசன வயல்களில் நாற்று நட்டவராம். "கலங்கல் தண்ணி இந்தப் பக்கமாத்தானே போகும், வாய்க்காலையே காணோமே" என்று படத்தின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்தார். கலங்கல் என்பது ஏரி நிரம்பியதும் உபரிநீர் வழிந்தோடும் இடம். அவர் காட்டிய இடத்தில் நம் படத்தில் வெறும் மனைப்பிரிவு மட்டுமே இருந்தது. டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது கிட்டத்தட்ட அதே கோட்டில்தான்.

சிட்லப்பாக்கம் ஏரியின் உபரிநீர் செம்பாக்கம் ஏரிக்கு வந்து, இங்கிருந்து நன்மங்கலம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குச் செல்கிறது என்பது நாம் மேடைகளில் அடிக்கடி சொல்வதுதான். அந்த நீர் எந்தத் தெரு வழியாகச் செல்கிறது என்பதை, இதுவரை எந்தக் கூட்டத்துக்கும் அழைக்கப்படாத ஒருவரே நமக்குச் சொன்னார். அந்தக் கோட்டில் உள்ள சர்வே எண்களின் புலப்பட நகல், அதாவது அரசின் நில அளவை வரைபட நகல், கேட்டு ஓர் அலுவலகத்துக்கு மனு கொடுத்தோம். மூன்று முறை நேரில் சென்றும் பதில் இல்லை. தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்த பிறகே நகல் கிடைத்தது. வாய்க்கால் அதில் தெளிவாக இருக்கிறது. அந்தப் படத்தை இணைத்து, அம்மாவின் கைநாட்டோடு தொடங்கும் கோரிக்கை மனுவை மாமன்ற உறுப்பினரிடம் அளித்திருக்கிறோம்.

பகுதி சபையில் பங்கேற்க அந்தப் பகுதியின் வாக்காளராக இருக்க வேண்டும். நம் தெருக்களில் வாடகைக்கு இருக்கும் பலரின் பெயர் இன்னும் சொந்த ஊர்ப் பட்டியலில்தான் இருக்கிறது. முகவரி மாற்றத்துக்கான படிவம் 8ஐ நிரப்ப நம் இளைஞர்கள் நான்கு ஞாயிறுகள் மேசை போட்டு உதவினார்கள். அவர்களுக்கு நம் நன்றி. ஊர் வாக்கை இழக்க மனமில்லாதவர்களை வற்புறுத்தவில்லை. அவர்களின் கருத்தை எழுத்தில் வாங்கிச் சபையில் வாசிப்பது சங்கத்தின் கடமை என்று கருதுகிறேன்.

பிறரிடம் கேட்பதை நாமும் செய்தாக வேண்டும். வீட்டு உரிமையாளர் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற நம் சங்கத் துணைவிதியைத் திருத்தி, வாடகைதாரரையும் முழு வாக்குரிமையுடன் சேர்ப்பதற்கான சிறப்புத் தீர்மானம் இன்று உங்கள் முன் வருகிறது. எதிர்ப்புகளையும் செவிமடுத்திருக்கிறேன். இரண்டு ஆண்டில் வீடு மாறிப் போகிறவருக்கு இருபதாண்டுத் திட்டத்தில் என்ன அக்கறை என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். அவர் போனாலும் அதே வீட்டுக்கு இன்னொரு வாடகைக் குடும்பம் வரும். அதே வெள்ளம் அதே கீழ்த்தளத்துக்குள் நுழையும் என்பதே என் பதில்.

முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியானதும், ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும் எழுத்தில் அளிக்கச் சட்டப்படி கால அவகாசம் உண்டு. அறிவிப்பு வந்த பிறகு கூடிப் பேசத் தொடங்கினால் அந்த அவகாசம் போதாது. எனவே ஒவ்வொரு தெருவிலிருந்தும் இருவர், அதில் ஒருவர் கட்டாயம் பெண், தொடர்பாளராக இருக்க வேண்டுகிறேன். ஏரிக்கரைத் தெருக்களின் பெயர்கள் வந்துவிட்டன. முதன்மைச் சாலையின் கிழக்குப் பக்கத் தெருக்களிலிருந்து இன்னும் வரவில்லை. கூட்டம் முடிவதற்குள் பெயர்களை என்னிடம் கொடுத்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்