பழைய குரலைத் திருப்பிக் கொடுங்கள்

அனுப்புநர்:
ஒரு வாடிக்கையாளர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 600081.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான ரோபோவில் கேட்காமல் செய்த மாற்றமும் சந்தா அறிவிப்பும் – தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் ரோபோவை 28,000 ரூபாய் கொடுத்து வாங்கினோம். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கப் பயன்படும் நாவோ மாதிரி ரோபோக்கள் பல லட்சம் ஆகும். 'சாதாரணக் குடும்பமும் வாங்கலாம்' என்ற உங்கள் விளம்பரத்தை நம்பித்தான் என் கணவர் சீட்டுப் பணத்தை எடுத்தார். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஆரம்பத்தில் அது நன்றாகத்தான் வேலை செய்தது. அதனால்தான் இவ்வளவு கோபம்.

என் மகனுக்கு ஏழு வயது. யார் பேசினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்பவன், அதன் முன்னால் மட்டும் சம்மணம் போட்டு உட்காருவான். அது தலையைச் சாய்த்து 'வா, கை தட்டலாம்' என்னும். இவன் தட்டுவான். அதன் கண் நீலமாக மின்னும், அப்புறம் அது தட்டும். தினமும் அதே குரல், அதே வரிசை. முறை வைத்து விளையாட அதனிடம் பழகியவன், மெல்ல என் கையிலும் தட்ட ஆரம்பித்திருந்தான்.

போன மாதம் ராத்திரியோடு ராத்திரியாக ஓர் அப்டேட் போட்டீர்கள். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலையில் பார்த்தால் வேறு குரல், வேறு வணக்கம், கண்ணில் கலர் கலராக விளக்கு. பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். இன்றுவரை அதன் பக்கம் திரும்பவில்லை. 'மேடம், முன்பைவிட இயல்பான குரல், இது இம்ப்ரூவ்மென்ட்தான்' என்கிறார் உங்கள் கஸ்டமர் கேர் தம்பி. இயல்பாகப் பேசத்தான் வீட்டில் நாங்கள் இருக்கிறோமே! மனுஷர் முகமும் குரலும் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுவதுதான் இவனைப் போன்ற பல பிள்ளைகளுக்குக் கஷ்டம். இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷர் பல்கலைக்கழகத்தில் இந்தப் பிள்ளைகளுக்காகவே உருவான காஸ்பர் ரோபோவுக்கு வேண்டுமென்றே எளிய முகமும் கொஞ்சம் பாவனைகளும்தான் வைத்தார்கள். மாறாமல் இருப்பதுதான் இப்படிப்பட்ட ரோபோவின் வேலை.

அடுத்தது சந்தா. மாதம் 1,499 ரூபாய் கட்ட வேண்டும் என்று பெட்டியில் எங்கும் இல்லை. அப்டேட்டுக்கு முன்பே, விளையாட்டின் நடுவில் ரோபோ 'உங்கள் சந்தா விரைவில் முடிவடைகிறது' என்று அறிவிக்க ஆரம்பித்துவிட்டது. ஆட்டிசம் உள்ள பல குழந்தைகள் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வார்கள் என்று உங்கள் கையேட்டிலேயே போட்டிருக்கிறீர்கள். இப்போது 'சாப்பிடுறியா?' என்று கேட்டாலும், ரேஷன் கடை வரிசையில் நின்றாலும், 'உங்கள் சந்தா விரைவில் முடிவடைகிறது' என்கிறான், அதே ராகத்தில். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நெட் போனால் கை தட்டக்கூட மாட்டேன் என்கிறது உங்கள் ரோபோ. 2024 டிசம்பரில் அமெரிக்காவில் பிள்ளைகளோடு பேசிப் பழகும் மாக்ஸி ரோபோவைச் செய்த நிறுவனம் மூடப்போவதாக அறிவித்ததும், சர்வரை நம்பியிருந்த அந்த ரோபோ நின்றுவிடும் என்று பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது எனப் பெற்றோர் தவித்தார்கள். நாளைக்கு நீங்களும் கடையைச் சாத்தினால் எங்கள் கதி?

'பெருங்குடி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு வாருங்கள்' என்ற யோசனையும் வேண்டாம். கோளாறு பொம்மையில் இல்லை, நீங்கள் அனுப்பிய அப்டேட்டில் இருக்கிறது. அதற்காகக் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊரின் அந்தக் கோடிக்கு நான் ஏன் வர வேண்டும்?

பழைய குரலையும் பழைய வரிசையையும் திரும்பப் போடுங்கள். இனி எந்த அப்டேட்டும் எங்கள் சம்மதத்தோடுதான் வர வேண்டும். கை தட்டும் விளையாட்டு நெட்டும் சந்தாவும் இல்லாமல் ஓட வேண்டும். குழந்தை காதில் விழும்படி பணம் கேட்பதை உடனே நிறுத்துங்கள், அறிவிப்பு என் போனுக்கு வரட்டும். முடியாது என்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள்.

15 நாளில் எழுத்தில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்துவிட்டு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போடுவேன். 'உங்கள் டிக்கெட் முடிக்கப்பட்டது' என்று வரும் எஸ்எம்எஸ்ஸைப் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்

இணைப்பு: பில் நகல், பெட்டியின் படங்கள், அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் எடுத்த வீடியோ.