25 சதவீத இடமும் மும்பைத் தமிழர் கையிலுள்ள சான்றிதழும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 12(1)(சி) பிரிவின்படி தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களைப் பின்தங்கிய, வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றித் தர வேண்டும். இங்கே மும்பையில் தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் மால்வணியிலும் இந்த இடங்களுக்கான குலுக்கலில் பெயர் வரவில்லை என்றுதான் பெற்றோர் பேசிக்கொள்கிறார்கள். பெயர் வந்த பிறகும் சான்றிதழால் இடம் பறிபோவதைப் பற்றிப் பேச்சே இல்லை. அதைத்தான் இந்தக் கடிதத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது.

மகாராஷ்டிரத்தில் இந்த இடத்துக்குப் பெரும்பாலானோர் வருவது இரண்டு வழிகளில். ஒன்று சாதி வழி. பட்டியல் சாதி, பழங்குடி, நாடோடிச் சமூகம், இதர பிற்படுத்தப்பட்டோர் என்றால் வருமானச் சான்று வேண்டியதில்லை; தந்தையின் அல்லது பிள்ளையின் சாதிச் சான்றிதழ் போதும். ஆனால் அது மகாராஷ்டிர அதிகாரி கொடுத்ததாக இருக்க வேண்டும். திருநெல்வேலியிலோ விழுப்புரத்திலோ வாங்கிய சான்றிதழ், எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும், இங்கே செல்லாது. இது தெரியாமல் ஊர்ச் சான்றிதழை நம்பி 'பிற்படுத்தப்பட்டோர்' என்று நிரப்பிவிடுகிறார்கள். விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்படும், குலுக்கலில் பெயரும் வரலாம். சரிபார்ப்புக் குழுவின் முன் காகிதத்தை நீட்டும்போதுதான் மறுப்பு வரும். அதற்குள் வேறு பள்ளிகளில் சேர்க்கை முடிந்திருக்கும்.

மகாராஷ்டிரச் சாதிச் சான்றிதழ் வாங்குவதற்குக் குடும்பம் எப்போது இங்கே வந்தது என்பதே கேள்வி. பட்டியல் சாதிக்கு 1950 ஆகஸ்ட் 10, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 1967 அக்டோபர் 13. அந்தத் தேதிக்கு முன் தாத்தாவோ அப்பாவோ மகாராஷ்டிரத்தில் குடியிருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். சாதியின் பெயர் மகாராஷ்டிரப் பட்டியலிலும் இருக்க வேண்டும். தோல் பதனிடும் வேலைக்கும் மில் வேலைக்கும் அந்தக் காலத்திலேயே வந்த குடும்பங்கள் தாராவியில் நிறைய உண்டு. அவர்கள் தேட வேண்டியது தாத்தா படித்த மாநகராட்சிப் பள்ளியின் லீவிங் சர்டிபிகேட், பழைய ரேஷன் கார்டு, வேலை செய்த இடத்துப் பதிவு. அந்தப் பள்ளி இன்று மூடியிருந்தால், பதிவேடு எந்தப் பள்ளிக்குப் போனது என்று மாநகராட்சிக் கல்வி அலுவலகத்தில் எழுதிக் கேட்க வேண்டும். இந்த வேலை இரண்டு வாரத்தில் முடிகிற வேலை இல்லை. விண்ணப்பம் திறந்த பிறகு ஓடினால் நேரம் போதாது. முந்தின மழைக்காலத்திலேயே தொடங்க வேண்டும்.

அந்தத் தேதிகளுக்குப் பின் வந்தவர்களுக்கு மிஞ்சுவது வருமான வழி. அதன் வரம்பு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய். மாதம் 8,333 ரூபாய்! மும்பையில் ஒரு அறைக்கு வாடகை கொடுத்து, பிள்ளையை வளர்க்கும் எந்தத் தொழிலாளி இதற்குள் அடங்குவார்? இட்லி விற்பவர், தையல் பட்டறையில் உட்காருபவர் எல்லோரும் இந்த வரம்புக்கு வெளியே நிற்கிறார்கள். முகவர்களிடம் பணம் கொடுத்துப் பொய்யான வருமானச் சான்று வாங்குவது இதனால்தான் நடக்கிறது. பிடிபட்டால் சேர்ந்த பிள்ளையின் இடமே ரத்தாகும். டெல்லியில் இதே 1 லட்சம் வரம்பை 2024-ல் 2.5 லட்சமாக்கினார்கள். மகாராஷ்டிர அரசு அந்த அளவுக்காவது உயர்த்த வேண்டும். இதை நம் சட்டமன்ற உறுப்பினர்களிடம் தமிழ் அமைப்புகள் எழுத்து மூலம் கேட்க வேண்டும்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைபாடுள்ள பிள்ளை, பெற்றோர் இல்லாத பிள்ளை, எச்ஐவி பாதிப்புள்ள பிள்ளை ஆகியோருக்குச் சாதியும் வேண்டாம், வருமானமும் வேண்டாம். தகுதியிருந்தும் விண்ணப்பிக்காதவர்கள் இதில் இருக்கக்கூடாது.

இருப்பிடச் சான்றிலும் ஒரு சிக்கல். சொந்த வீடு என்றால் ரேஷன் கார்டோ மின் கட்டண ரசீதோ போதும். வாடகை வீடென்றால் நோட்டரி கையெழுத்திட்ட ஒப்பந்தம் செல்லாது. சப் ரிஜிஸ்ட்ராரிடம் பதிவான, 11 மாதத்துக்குக் குறையாத ஒப்பந்தம் வேண்டும். அதன் தேதியும் விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தையதாக இருக்க வேண்டும். வீட்டு உரிமையாளர்கள் பதிவுக்குத் தயங்குவதால், இதையும் முன்கூட்டியே பேசி முடிப்பது நல்லது. இணையத்தில் வரைபடத்தில் வீட்டைக் குறிக்கும்போது பக்கத்துத் தெருவைக் குறித்துவிட்டால் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலான தூரக் கணக்கு மாறும், பின்னால் ரத்துக்கு அதுவே காரணமாகும். பத்துப் பள்ளிகள் வரை தேர்வு செய்யலாம். ஒரு பிள்ளைக்கு இரண்டு விண்ணப்பம் போட்டால் இரண்டும் குலுக்கலுக்குப் போகாது. கைப்பேசிச் செய்திக்குக் காத்திராமல் குலுக்கல் முடிவை இணையத்தில் தாங்களே பார்க்க வேண்டும்.

இவ்வளவுக்கும் நடுவே சட்டமே ஆட்டம் கண்டது. 2024 பிப்ரவரி 9 அன்று, ஒரு கிலோமீட்டருக்குள் அரசு அல்லது உதவி பெறும் பள்ளி இருந்தால் தனியார் பள்ளிக்கு 25 சதவீதப் பொறுப்பு இல்லை என்று மாநில அரசு விதியை மாற்றியது. மாநகராட்சிப் பள்ளிகள் நெருக்கமாக உள்ள மும்பையில் இதன் பொருள், தனியார் பள்ளிக் கதவு ஏறக்குறைய முழுதும் அடைபடும் என்பதே. மும்பை உயர் நீதிமன்றம் மே மாதம் தடை விதித்து, ஜூலை 19 அன்று விதியை ரத்துசெய்தது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கர்நாடகத்தில் இதே போன்ற விதி 2019-ல் உயர் நீதிமன்றத்தில் நிலைத்துவிட்டது. பெங்களூரில் இருக்கும் நம் உறவினர்களுக்கு அந்த வழி இன்று மிகக் குறுகலானது. மும்பையில் காப்பாற்றப்பட்ட உரிமையைக் காகிதம் இல்லை என்று நாமே கைவிடுவது பெரிய இழப்பு.

சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. தமிழ் மொழிச் சிறுபான்மைத் தகுதி பெற்ற பள்ளியில் இந்த ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது. ஆனால் 11-ம் வகுப்புச் சேர்க்கையில் அத்தகைய ஜூனியர் கல்லூரிகள் 50 சதவீத இடங்களைத் தங்கள் மொழிப் பிள்ளைகளுக்கு வைத்திருக்கின்றன. அதற்கு உதவும்படி, லீவிங் சர்டிபிகேட்டில் தாய்மொழிக்கு ஒரு கட்டம் உண்டு. எந்தப் பள்ளியானாலும் சேர்க்கைப் படிவத்திலேயே அதில் 'தமிழ்' என்று எழுதச் சொல்ல வேண்டும். இலவசக் கல்வி 8-ம் வகுப்போடு முடிந்து, 9-ல் பள்ளி முழுக் கட்டணம் கேட்கும். அதற்கான சேமிப்பைப் பெற்றோர் 6-ம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும், அரசும் 10-ம் வகுப்பு வரை இதை நீட்டிக்க வேண்டும்.

தாராவி வாசகர்கள்,
மும்பை