பேரனை அந்தக் காரில் ஏற்ற முன்

அன்பின் மகளுக்கு,

நானும் அம்மாவும் நல்ல சுகம். சுவீடனில் நீ வாங்கிய பழைய கார் கோதன்பர்க் துறைமுகத்தில் கப்பலேறப் போகிறது என்று அம்மா சொன்னா. நீ அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். 1966ஆம் ஆண்டு வொல்வோ அமசன், நாலு கதவு, இடப்பக்க ஸ்ரியறிங். நல்ல தெரிவு பிள்ளை. எளிய எஞ்சின், கை வைத்துத் திருத்தக்கூடிய கார், சாமான் இன்றைக்கும் வாங்கலாம். அதை இங்கே கொண்டுவந்து பதிவது, ஓட்டுவது பற்றிப் போனில் நீ கேட்டவற்றுக்கு ஆறுதலாகப் பதில் சொல்லப் பேரன் விடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் கடதாசி வேலை. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதால் 2021 தொடக்கம் சுவீடனில் இருந்து இங்கே வரும் காரும் இறக்குமதிக் கார்தான். சாதாரணக் காருக்கு 20 வீதம் வற் வரி, அதோடு சுங்கவரியும் வரலாம். ஆனால் 30 வயது கடந்து, மூல நிலையிலேயே இருந்து, அந்த மாதிரித் தயாரிப்பும் நின்றுவிட்ட கார் என்றால் அதைச் சேகரிப்புப் பொருளாக 9705 என்ற சுங்கத் தலைப்பின்கீழ் பதியலாம். அப்போது சுங்கவரி இல்லை, வற் 5 வீதம் மட்டும். அமசன் தயாரிப்பு 1970இல் நின்றது, ஆகவே உன் கார் அதற்குள் வரும். கப்பல் முகவர் பத்திரம் நிரப்பும்போதே இந்த இலக்கத்தைப் போடச் சொல். கூடக் கட்டிய காசைப் பிறகு திருப்பி எடுப்பது பெரிய அலைச்சல்.

கார் வந்து 14 நாளுக்குள் கார் நாட்டுக்குள் வந்துவிட்டது என்று வரித் திணைக்களத்துக்கு நோவா என்ற அறிவித்தல் கொடுக்க வேண்டும். அது முடிந்த பிறகுதான் சுவான்சியில் இருக்கிற வாகனப் பதிவுக் கந்தோர், டி.வி.எல்.ஏ, உன் விண்ணப்பத்தை எடுக்கும். வி55/5 படிவம், 55 பவுண் பதிவுக் கட்டணம், சுவீடன் பதிவுப் பத்திரம், உன் அடையாள, முகவரிச் சான்றுகள், எம்.ஓ.டி என்கிற வருடாந்த வாகனப் பாதுகாப்புச் சோதனை வேண்டாம் என்று கேட்கிற வி112 படிவம், இவ்வளவும் போக வேண்டும். பழைய பத்திரத்தில் தயாரித்த ஆண்டு தெளிவில்லை என்றால் அந்தக் காருக்கான உரிமையாளர் சங்கம் ஒன்றிடம் திகதிச் சான்று வாங்கலாம். எல்லாவற்றையும் தபாலில் போட முன் பிரதி எடுத்து வை. அதன் வயதுக்குப் பொருந்திய இலக்கம் ஒன்று தருவார்கள். 1980க்கு முன் செய்த கார் என்பதால் கறுப்புத் தகட்டில் வெள்ளி எழுத்து போடலாம், வடிவாக இருக்கும். வாகன வரி பூச்சியம். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் விண்ணப்பிக்க வேண்டும், மறக்காதே. இலக்கம் வரும்வரை காரைத் துறைமுகத்தில் இருந்து ட்ரெயிலரில் கொண்டுவா, காப்புறுதியைச் சேசி இலக்கத்தில் எடுத்து வை.

இவ்வளவும் உன்னால் முடியும். என் யோசனை வேறு.

10 வயது கடந்த கார் என்பதால் இறக்குமதிக்கான தனிச் சோதனை இதற்கு இல்லை. 40 வயது கடந்து, கடந்த 30 வருடத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் செய்யாத கார் என்பதால் 2018 மே 20 தொடக்கம் எம்.ஓ.டியும் கட்டாயம் இல்லை. பழைய கார் வைத்திருப்பவர்கள் அதைக் கண்போலப் பார்ப்பார்கள், குறைவாகத்தான் ஓட்டுவார்கள் என்று நம்பிக் கொடுத்த விலக்கு அது. பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் உன் காரை எடுத்துப் பார். கோதன்பர்க்கில் இருந்து ஸ்கொட்லாந்தில், இன்வர்னசில் உன் வீட்டு வாசல் வரை ஒருவர்கூட அதற்குக் கீழே குனிந்து பார்க்கப் போவதில்லை. முத்திரை விழும், இலக்கம் வரும், காரை மட்டும் ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆபத்தான நிலையில் காரை ஓட்டினால் விலக்கு உன்னைக் காப்பாற்றாது, 2,500 பவுண் வரை தண்டமும் லைசன்சில் 3 புள்ளியும் விழலாம். தண்டத்தை விடு. அந்தக் காரில் ஏறப் போகிறவர்களை நினைத்துத்தான் சொல்கிறேன்.

நான் தொழில் பழகிய காலத்தை உனக்குத் துண்டு துண்டாகத்தான் சொல்லியிருக்கிறேன். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடை நேரம் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லை. ஒஸ்ரின், மொரிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். பிறேக் றப்பர் கிடைக்காது, கிடைத்ததைக் கழுவித் திரும்பப் போட்டோம். பரிசோதிக்க ஒரு கந்தோரும் இல்லை. அந்தக் கார்களில்தான் வருத்தக்காரரையும் பிள்ளைப்பேற்றுக்குப் போகிறவர்களையும் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார்கள். ஒவ்வொரு காரையும் விட முன் என் முதலாளி தானே ஓட்டிப்போய் பிறேக் அடித்துப் பார்ப்பார். யார் ஏறப் போகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். பிறகு லண்டனில் எம்.ஓ.டி பரிசோதகராக நின்ற வருடங்களிலும் நான் அவரைத்தான் நினைத்துக் கொண்டேன்.

ஆகவே சட்டம் கேட்காவிட்டாலும் முழு எம்.ஓ.டி ஒன்று செய்வி. நீயாகக் கேட்டால் எந்த நிலையமும் செய்யும், இலக்கம் வர முன்னரே சேசி இலக்கத்தில் செய்யலாம். பழைய கார் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடி. பரிசோதகர் கீழே பார்க்கும்போது நீயும் பக்கத்தில் நின்று பார். அமசனுக்குத் தரைத் தகட்டிலும் கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியிலும் துரு பிடிக்கும். சுவீடனிலும் பனிக்காலத்தில் றோட்டுக்கு உப்புப் போடுகிறவர்கள்தான். புதுப் பெயின்ற் மினுங்குகிற இடத்தை விரலால் தட்டிக் கேள், நல்ல தகடு கணீரென்று சொல்லும், பூசி மறைத்த இடம் மந்தமாகச் சத்தம் போடும்.

பிறேக்கைப் பற்றி ஒன்று. அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் நாலு சில்லுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்றுத்தான். ஒரு குழாய் வெடித்தால் பெடல் தரைவரை போகும், பிறகு கைப்பிறேக் மட்டும்தான் மிச்சம். பெடலை அழுத்தும்போது பிறேக் எண்ணெயைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரில் இருந்து எத்தனை குழாய் வெளியே போகிறது என்று படம் எடுத்து அனுப்பு, நான் சொல்கிறேன். எதுவாக இருந்தாலும் றப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் புதிதாகப் போடு. வெளியே வெடிப்பு ஒன்றும் தெரியாத குழாய் உள்ளே வீங்கி அடைபட்டிருக்கும். அப்படி இருந்தால் பிறேக் பிடிக்கும், ஆனால் விடாது, ஒரு பக்கச் சில்லு மட்டும் சூடேறும். எண்ணெயையும் முழுக்க மாற்று, அது காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கார் நிற்கும்போது பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்துப் பார். மெல்லக் கீழே இறங்கினால் அந்தக் கார் அன்றைக்கு வெளியே போகக் கூடாது.

லைட்டுக்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது. உன் கார் செய்த 1966இல் சுவீடனில் றோட்டின் இடப்பக்கம்தான் ஓடினார்கள், எங்களைப்போல. ஆனால் கார்களில் பெரும்பாலானவை இடப்பக்க ஸ்ரியறிங். 1967 செப்டெம்பர் 3, ஞாயிறு அதிகாலை 5 மணிக்கு நாடு முழுவதும் வலப்பக்கத்துக்கு மாறினார்கள். முந்திச் செல்லும்போது எதிரே வருவது சாரதிக்குத் தெரியவில்லை என்பதும் அந்த மாற்றத்துக்கு ஒரு காரணம். ஆகவே நீ இன்வர்னசில் ஓட்டப் போவதுபோலத்தான் அந்தக் காரின் முதற் சொந்தக்காரரும் ஓட்டியிருப்பார், இடப்பக்க றோட்டில் இடப்பக்கம் இருந்து. மாற்றத்தோடு கார்களின் முன் லைட்டையும் மாற்ற வேண்டி வந்தது. உன் காரில் இப்போது இருப்பது வலப்பக்க றோட்டுக்கான லைட்டாகத்தான் இருக்கும். தாழ்த்தினாலும் அதன் வெளிச்சம் வலப்பக்கம் மேலே எழும்பி எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும்.

இரவில் சமதரையில் ஒரு சுவருக்கு முன்னால் காரை நிறுத்தி லைட்டைத் தாழ்த்திப் பார். வெளிச்சத்தின் மேல்விளிம்பு வலப்பக்கம் மட்டமாக நின்று இடப்பக்கம், நடைபாதைப் பக்கம், மேலே ஏற வேண்டும். மறுபக்கம் ஏறினால் இரண்டு லைட்டையும் மாற்று. அவை 7 அங்குல வட்ட லைட் என்றால் பழைய மினிக்கும் லாண்ட் றோவருக்கும் வருகிற அதே அளவு, இந்த நாட்டுக்கானதைச் சுலபமாக வாங்கலாம். விடுமுறைக்கு வருகிறவர்கள் ஒட்டுகிற ஸ்ரிக்கரை நிரந்தரமாக ஒட்டி ஓடாதே, அது வெளிச்சத்தைக் குறைக்கும். திரும்பும் சிக்னலையும் பார். 1965 செப்டெம்பருக்குப் பிறகு ஓடத் தொடங்கிய காருக்கு முன்னும் பின்னும் அது மஞ்சளாக இருக்க வேண்டும், அமெரிக்கக் கார்களில் இருப்பதுபோலப் பின்னால் சிவப்பாக இருக்கக் கூடாது. மூடுபனிக்கான பின் லைட் 1980 ஏப்ரலுக்கு முந்திய காருக்குக் கட்டாயம் இல்லை. உங்கள் பக்கத்துக் காலநிலைக்கு ஒன்று பூட்டினால் நல்லது, நடுவில் அல்லது வலப்பக்கம் பூட்டு.

இனிப் பேரன். இதற்காகத்தான் முக்கியமாக எழுத இருந்தேன்.

மூன்று இடத்தில் பிடிக்கிற சீற் பெல்ட்டை 1959இல் கொண்டுவந்தது வொல்வோதான். நில்ஸ் போலின் என்ற பொறியியலாளர் செய்தது. மற்றக் கொம்பனிகளும் எடுத்துப் பாவிக்கட்டும் என்று காப்புரிமையைத் திறந்து விட்டார்கள். உன் காரிலும் முன்சீற்றில் அது இருக்கும். பின்சீற்றில் இருக்கும் என்று எண்ணாதே. இந்த நாட்டில் 1987க்கு முந்திய காருக்குப் பின்சீற் பெல்ட் கட்டாயமே இல்லை. பெல்ட் இல்லாத இடத்தில் 3 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை இருத்தி ஓடக் கூடாது என்பது சட்டம். 3 முடிந்துவிட்டால், காரின் பின்பக்கம் பெல்ட்டே இல்லை என்றால், பிள்ளை அங்கே சும்மா இருக்கலாம் என்று சட்டம் விடுகிறது. வாற தை மாதம் எங்கள் பேரனுக்கு 3 முடிகிறது. சட்டம் விட்டாலும் நான் விடமாட்டேன் பிள்ளை. நீயும் விடாதே.

பின்சீற்றுக்குப் பெல்ட் பூட்டலாம். ஆனால் பெல்ட் பிடிக்கிற இடம் பெலமாக இருக்க வேண்டும். தரைத் தகட்டில் ஓட்டை போட்டு ஒரு வாசர் வைத்து முறுக்கி விடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். மோதுகிற நேரம் அந்த வாசர் தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். கீழ்ப்பக்கம் தடித்த இரும்புத் தகடு வைத்து வெல்ட் பண்ணி, சீற் பெல்ட்டுக்கென்றே வருகிற 7/16 அங்குல போல்ட்டில் பூட்ட வேண்டும். துருப்பிடித்த தரையில் அது நிற்காது, ஆகவே முதலில் தரையைத் திருத்து. பிள்ளையின் ஆசனத்தை அந்தப் பெல்ட்டால் இறுக்கலாமா என்று ஆசனத்தின் கைநூலில் பார்த்துத்தான் வாங்கு. சுவீடன்காரர் 4 வயது வரை பிள்ளையைப் பின்னோக்கி இருத்துவார்கள், அது நல்ல பழக்கம். பேரனை உனக்குப் பின்னால், இடப்பக்கம் இருத்து. அப்போதுதான் நடைபாதைப் பக்கத்தால் இறக்கலாம். மற்றப் பக்கக் கதவு வாகனம் ஓடுகிற பக்கம் திறக்கும்.

உங்கள் ஸ்கொட்லாந்து ஏ9 பாதையை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. பேர்த்தில் இருந்து வரும்போது இரட்டைப் பாதை திடீரென்று ஒற்றையாகும், லொறிக்குப் பின்னால் நீண்ட வரிசை நிற்கும். இடப்பக்கம் இருந்து ஓட்டும்போது லொறிக்கு அப்பால் உனக்கு ஒன்றும் தெரியாது. எட்டிப் பார்க்கவென்று காரை நடுக்கோட்டுக்கு மேல் கொண்டுபோகாதே. நன்றாகப் பின்னுக்கு நில். பக்கத்தில் மருமகன் இருந்து “போகலாம்” என்று சொன்னாலும் அவர் சொல்லை நம்பி வெட்டாதே. அவர் கண் காண்பதும் உன் கால் அழுத்துவதும் இரண்டு பேருடைய வேலை. முந்துவதென்றால் இரட்டைப் பாதை வருமட்டும் பொறு. வலப்பக்கக் கதவில் கண்ணாடி இல்லை என்றால் முதல் வேலையாக ஒன்று பூட்டு. மீற்றர் கிலோமீற்றரில் இருக்கும். 48, 64, 97, 113 என்ற இடங்களில் சின்னப் பொட்டு வை, அவை 30, 40, 60, 70 மைல். அந்தப் பாதையில் சராசரி வேகம் பிடிக்கிற கமரா இருப்பது உனக்குத் தெரியும்தானே.

பெற்றோல் அடிக்கும்போது இ5 சூப்பரையே அடி. இ10இல் எதனோல் கூட, பழைய றப்பரையும் காபரேற்றர் சாமானையும் அது அரிக்கும். ரயரில் பூ நிறைய இருந்தாலும் பக்கத்தில் இருக்கிற திகதி இலக்கத்தைப் பார், கடைசி இரண்டு எண்ணும் வருடம். 10 வருடம் கடந்திருந்தால் எடுத்து எறி.

கார் வந்தவுடன் சேசித் தகடு, மாஸ்டர் சிலிண்டர், பின்சீற்றைத் தூக்கிவிட்டு அதன் கீழ்த் தரை, இந்த மூன்றின் படத்தையும் அனுப்பு. லைட்டும் பிறேக் குழாயும் நான் இங்கே வாங்கி வைக்கிறேன், எம்.ஓ.டிக்குத் திகதி எடுத்தால் சொல், ரெயினில் கொண்டு வருகிறேன். பெல்ட் பூட்டி முடியுமட்டும் பேரன் உங்கள் மற்றக் காரிலேயே வரட்டும். அம்மா பருத்தித்துறை வடை சுட்டு வைத்திருக்கிறா, அதையும் கொண்டு வருவேன். மருமகனைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா